சார், உங்க பை நடக்குதுங்க

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். வாழவந்தி ஓடையில் ஆமைகளை எண்ண வேண்டும். எண்ணிவிட்டு மத்தியான பஸ்ஸில் சேலம் திரும்ப வேண்டும்.

இதில் தப்பாகப் போக என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். மற்றவர்கள் மகளுக்கு மாப்பிள்ளை தேடத் தொடங்கும் வயதில் எனக்கு டாக்டர் பட்டம் வாங்கும் ஆசை வந்தது. இப்போது ஐம்பத்து மூன்று. ஆசை அப்படியே இருக்கிறது. பட்டமும் அப்படியே பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தலைப்பு: சேர்வராயன் மலை ஓடைகளில் வாழும் ஆமைகள்.

கிளம்பும்போது மனைவி வாசலுக்கு வந்தாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. சாயங்காலம் டி.வி.யில படம். ஆன்டெனா திருப்ப ஆள் வேணும். வந்துருங்க."

ஒரு மனிதன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கிறதே என்று யோசித்தபடியே நடந்தேன். எதையாவது யோசித்தபடி நடப்பது என் வழக்கம். அதனாலேயே பஸ்ஸைப் பலமுறை விட்டிருக்கிறேன். அன்றைக்கு விடவில்லை. விட்டிருக்கலாம்.

மலை மேலே நான் ஆமை எண்ண வருகிறேன் என்பது யாருக்கும் தெரியாது. சொல்வதில்லை. ஒருமுறை சொல்லிப் பட்டுவிட்டேன்.

அப்போது ஓர் ஆமையை எடை போடக் கல்லூரிக்குக் கொண்டுபோய்விட்டு, மறுபடி ஓடையில் விட எடுத்துவந்துகொண்டிருந்தேன். பஸ் அடிவாரத்தில் நின்றது. கண்டக்டர் என் மடியைப் பார்த்தார்.

"பையில என்னங்க சார், அசையுது?"

உண்மையைப் பேசிப் பழகிவிட்டேன். "ஆமை" என்றேன்.

கண்டக்டர் விசில் ஊதினார். டிரைவர் இன்ஜினையே நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க சார், படிச்சவரா இருக்கீங்க! கொண்டை ஊசி வளைவெல்லாம் இனிமேத்தானுங்க வருது! இத்தன உசுரு இருக்குதுல்ல வண்டியில! எறங்குங்க!"

இறங்கினேன். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பழமொழி. வீடு என்றுதானே சொல்லியிருக்கிறது, பஸ்ஸை யார் சேர்த்தது? இதைக் கேட்க எனக்குத் தோன்றியபோது பஸ் முதல் வளைவைத் தாண்டிவிட்டது.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் "தண்ணி பரிசோதனை" என்று சொல்லிவிடுவேன். பொய்யில்லை. தண்ணீரின் சூட்டையும் அளக்கத்தான் செய்கிறேன். இதனால் வாழவந்தியில் எனக்கு நல்ல மரியாதை. குழாய் போட வந்த அதிகாரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தை மாதம். ஓடையில் முழங்கால் தண்ணீர்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறை பாறையாகப் பார்த்து வந்தேன். வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமைகள் என் நிழல் பட்டதும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன. எனக்கு வருகிற வரவேற்பு எப்போதும் இதுதான்.

ஒன்று மட்டும் விழவில்லை.

காராமை. கறுத்த ஓடு, உரித்த தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிசு. பாறை இடுக்கில் நின்று ஒரு காலை இழுத்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். முன்னங்காலில் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தது. யாரோ மீன் பிடிக்க வந்தவர்கள் அறுத்துவிட்டுப் போன நைலான் நரம்பு. இழுக்க இழுக்க இறுகிச் சதைக்குள் போயிருந்தது. கால் வீங்கியிருந்தது.

இன்னும் சில நாள் இப்படியே போனால் கால் போய்விடும். ஒரு காலில்லாத ஆமை இந்தப் பாறைகளில் ஏற முடியாது.

பையில் பேனாக்கத்தி இருந்தது. எடுத்தேன். விரித்தேன். ஆமை என்ன நினைத்ததோ, பயந்து ஒரு நாற்றம் விட்டது. காராமைக்கு அந்த வித்தை உண்டு. அழுகிய முட்டையும் பழைய செருப்பும் சேர்ந்தது போல ஒரு நாற்றம். நான் மூக்கைப் பிடித்தேன். மூக்கைப் பிடித்த கை, கத்தி பிடித்திருந்த கை.

கத்தி ஓடையோடு போய்விட்டது.

பல்லால் கடித்துப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆமையும் அதையே யோசிப்பது போல என் மூக்கைப் பார்த்தது. வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

மேட்டுக்கு மேலே பொன்னுசாமி வீடு. காப்பியும் மிளகும் கொஞ்சம் கேழ்வரகும் போடுகிற விவசாயி. தெரிந்தவர். அவரிடம் ஒரு பிளேடு வாங்கிக்கொண்டு, காப்பிச் செடி மறைவில் உட்கார்ந்து நரம்பை அறுத்துவிட்டு, ஆமையை ஓடையில் விட்டுவிட வேண்டியது. யாருக்கும் தெரியப் போவதில்லை.

ஆமையை ஈரத் துண்டில் சுற்றி என் மஞ்சப்பையில் வைத்தேன். சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் தீபாவளிக்குக் கொடுத்த பை. நல்ல கெட்டிப் பை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தைப் பெருக்கிக் கோலம் போட்டிருந்தார்கள். பொன்னுசாமி வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"வாங்க சார் வாங்க! சாமி அனுப்புன மாதிரி வந்தீங்க!"

"பொன்னுசாமி, ஒரு பிளேடு வேணும்."

"பிளேடுங்களா? எதுக்குங்க, மொகமெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது."

"இல்ல, வேற ஒரு வேலை..."

"எல்லாம் பொறவு பாக்கலாங்க. மொதல்ல உள்ளார வாங்க. இன்னைக்கு எம்பொண்ணு மல்லிகாவப் பாக்க வர்றாங்க. மாரமங்கலத்து மாப்பிள்ளை. எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டர். நீங்க பக்கத்துல உக்காந்தா ஒரு மரியாதைங்க."

நான் தயங்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சார், உங்ககிட்டச் சொல்றதுக்கென்னங்க. இதுக்கு முந்தி வந்தது ரெண்டும் கை கூடலீங்க. ஒருத்தரு தட்டை எடுக்கறப்போ பல்லி கத்திப்போட்டுது. எந்திரிச்சுப் போயிட்டாரு. இன்னொருத்தரு வர்ற வழியில பூனை குறுக்க போச்சுன்னு ஊடு வரைக்கும்கூட வரலீங்க. இந்த மாப்பிள்ளையோட அம்மா அதுக்கெல்லாம் மேலயாம். யாராச்சும் தும்முனா பஸ்ஸ விட்டே எறங்கீருமாம். மல்லிகாவுக்குப் போட்டோவப் பாத்தே இந்தப் பையன நொம்பப் புடிச்சிருக்குதுங்க. இதும் தட்டிப்போச்சுன்னா புள்ள மனசு விட்டுரும்."

இதைக் கேட்டதும் மரியாதையுள்ள எந்த மனிதனும் என்ன செய்வான்? "எனக்கு வேலை இருக்கிறது" என்று கும்பிட்டுவிட்டுப் போவான். பையில் ஆமையை வைத்துக்கொண்டு நான் "சரி" என்றேன்.

பையை வெளியே வைத்துவிடலாமே என்று யோசித்தேன். வாசலில் அவருடைய நாய் படுத்திருந்தது. அது ஏற்கெனவே பையைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. வெளியே நாய். உள்ளே பழமொழி. பழமொழி கடிக்காது என்று நினைத்து உள்ளே போனேன்.

பையைச் சுவரோரம் வைத்து, பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன்.

அவர்களும் வந்துவிட்டார்கள். முன்னால் மாப்பிள்ளையின் தாய்மாமன், பெருமாள் என்று பெயர், பெரிய மீசை. அடுத்து மாப்பிள்ளையின் அம்மா. நிலைப்படியில் நின்று, விட்டத்தையும் மூலையையும் ஒரு சுற்றுப் பார்த்து, பல்லி இல்லை என்று உறுதி செய்துகொண்டு வலது காலை எடுத்து வைத்தார். கடைசியில் மாப்பிள்ளை செல்வராஜ். பார்க்க நல்ல பையன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பெருமாள் தன் கையிலிருந்த பையைச் சுவரோரம் வைத்தார். வெற்றிலை, பாக்கு, பூ, தேங்காய் எல்லாம் அதில்.

மஞ்சப்பை. அதே ஜவுளிக்கடை. அதே தீபாவளி.

"இவரு யாருங்க?" என்று அம்மா என்னைக் காட்டிக் கேட்டார்.

"பெரிய ஆபீசருங்க. நம்மூருத் தண்ணிய ஆராய்ச்சி பண்றாரு. காலேசுல பாடமும் நடத்துறாரு" என்றார் பொன்னுசாமி.

எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். வாழ்க்கையில் எனக்கு அபூர்வமாகக் கிடைப்பது அது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது நாற்றம் வந்தது.

மெல்லத்தான் வந்தது. முதலில் செல்வராஜ் தலையைத் தூக்கினான். பிறகு அவன் அம்மா முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார். பெருமாள், மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். மாப்பிள்ளை பதறிப்போய்த் தலையை ஆட்டினான். பிறகு எல்லாரும் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எல்லாரும் திருப்பிக்கொண்டது என் பக்கத்திலிருந்துதான்.

அழுகிய முட்டை நாற்றத்துக்குத் தானே காரணம் என்று ஊர் நினைப்பதை ஒரு மனிதன் ஏற்றுக்கொள்ளலாமா? ஏற்றுக்கொண்டேன். உண்மை அதைவிட மோசம்.

மல்லிகா காப்பித் தட்டோடு வந்தாள். எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக என்னிடம் குனிந்தாள். குனிந்தவள் சுவரோரம் பார்த்தாள். முகம் மாறாமல், உதடு மட்டும் அசைய, மெதுவாகச் சொன்னாள்:

"சார், உங்க பை நடக்குதுங்க."

திரும்பிப் பார்த்தேன். பை நடந்துகொண்டுதான் இருந்தது. சுவரோரத்திலிருந்து புறப்பட்டு, பாய் நடுவில் வைத்திருந்த கேசரித் தட்டைக் குறிவைத்து, ஒரு பக்கமாக நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தது.

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கொட்டாவி விடுவது போலக் கையை நீட்டிப் பையைப் பிடித்து இழுத்தேன். இழுத்து என் முதுகுக்குப் பின்னால் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. மல்லிகா மட்டும் பார்த்தாள். அவள் முகத்தில் ஓடியது சிரிப்பா பயமா தெரியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நெருக்கடியை நானே சமாளித்துவிட்டேன்!

முதுகுக்குப் பின்னால் பார்க்க மனிதனுக்குக் கண் இல்லை. அங்கே ஏற்கெனவே பெருமாளின் பை இருந்தது என்பது அதனால்தான் எனக்குத் தெரியவில்லை.

பேச்சு நன்றாகப் போனது. அம்மா மல்லிகாவிடம் இரண்டு வார்த்தை கேட்டார். மல்லிகா நான்கு வார்த்தை சொன்னாள். செல்வராஜ் முதல்முறையாக என் முழங்காலை விட்டு நிமிர்ந்தான்.

"எனக்குத் திருப்திங்க. சகுனமெல்லாம் சுத்தமா இருக்குது" என்றார் அம்மா. "பூ வெச்சுட்டுப் போயிரலாம். அண்ணா, தட்டுல தேங்கா பழம் எடுத்து வைங்க."

பொன்னுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பித்தளைத் தட்டு வந்தது. பெருமாள் என் முதுகுக்குப் பின்னால் எட்டி ஒரு பையை இழுத்தார். கையை உள்ளே விட்டார்.

"தேங்காயக் கழுவி ஈரத்தோடயே போட்டுட்டாங்களாட்ட இருக்குது" என்றார்.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "அது..." என்று வாயைத் திறந்தேன். மேற்கொண்டு குரல் வரவில்லை. வகுப்பிலும் இப்படித்தான், தேவைப்படும்போது குரல் வராது.

"நல்ல கனம்! முத்துன காயி!" என்று சொல்லிக்கொண்டே பெருமாள் அதை எடுத்துத் தட்டின் நடுவில் வைத்தார்.

தேங்காய் தலையை நீட்டியது. நான்கு காலையும் நீட்டியது. எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தது.

வெளியே நாய் காதைச் சொறிவது கேட்டது.

பிறகு அம்மாவின் குரல் கிளம்பியது. "ஐயோ! ஆமை! தட்டுல ஆமை! டேய் செல்வராசு, எந்திரிடா!"

நான் எழுந்து நின்றேன். ஒரு விஞ்ஞானி பேச வேண்டிய தருணம் என்று தோன்றியது.

"பயப்படாதீங்க! இது ஊர்வன வகுப்பைச் சேர்ந்த ஒரு சாதுவான பிராணி. ஓடையைச் சுத்தமா வெச்சிருக்கிறதே இதுதான். இதனால ஒரு வீட்டுக்கும் கெடுதல் வந்ததா எந்த ஆதாரமும்..."

"ஏனுங்க, நீங்க உக்காருங்க" என்றார் அம்மா.

உட்கார்ந்தேன்.

அம்மா செருப்பைத் தேடினார். பொன்னுசாமி தூணோரம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "பல்லி, பூனை... இப்ப ஆமை" என்று மட்டும் சொன்னார். செல்வராஜ், "அம்மா, சித்த உக்காரும்மா" என்றான். அவன் பேசியதை அன்றைக்கு அப்போதுதான் கேட்டேன். மல்லிகா சமையல்கட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏதாவது செய்யுங்கள் என்கிற பார்வை.

எனக்கு என்ன செய்யத் தெரியும்? எண்ணத் தெரியும்.

அசையாமல் இருந்தவர் பெருமாள் மட்டுந்தான். தன் வலது கையை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, சித்த இரு. ஆமைய எடுத்து வெச்சது எங்கையி. அப்ப இந்தக் கெடுதல் யாரச் சேரும்?"

அம்மா ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார். "தெரியலீங்கண்ணா."

"தெரியாம எப்பிடிப் போறது? எனக்கு மூணு ஏக்கர் மொளகு நிக்குது."

அவர் எழுந்து என் எதிரில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பை யாருதுங்க?"

"என்னுது."

"ஆமைய மொதல்ல தொட்டது?"

"நான்தான். கால்ல நரம்பு சுத்தியிருந்தது, அறுத்துவிடலாம்னு..."

"அதக் கேக்கலீங்க. மொதக் கை உங்க கை. எங்க பக்கம் ஒரு பேச்சு உண்டுங்க. கெடுதல் மொதக் கையோட போயிரும், ரெண்டாங்கைக்கு வராது."

"அது உங்களுக்குத் தோதா இப்பச் சொல்றீங்களாட்ட இருக்குதுங்கண்ணா" என்றார் அம்மா.

"சரி, சோதிச்சுப் பாத்தரலாம்!" என்றார் பெருமாள். என் பக்கம் திரும்பினார். "சார், இந்த ஆமை தூக்கற வேல எத்தன வருசமாப் பண்றீங்க?"

"ஏழெட்டு வருசமா."

"நொம்ப நல்லது. உத்தியோகத்துல ஒசந்திருக்கீங்களா?"

இந்த இடத்தில் எனக்குள் ஒரு போராட்டம் நடந்தது. நான் மூடநம்பிக்கைக்கு எதிராக ஆண்டுதோறும் கல்லூரியில் பேசுகிறவன். இவர் கேட்பது எதற்கென்று எனக்குத் தெரியும். பதில் சொன்னால் பழமொழிக்குச் சாட்சி சொன்னதாகிவிடும். சமையல்கட்டு வாசலைப் பார்த்தேன். மல்லிகா தூணை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க" என்றேன். "என்கிட்டப் படிச்ச பையன்தான் இப்ப என் துறைக்குத் தலைவர்."

பெருமாள் தங்கையைப் பார்த்தார். அம்மா செருப்பை விடவில்லை, ஆனால் நின்றார்.

"சொந்த ஊடு?"

"வாடகை. அதையும் காலி பண்ணச் சொல்லியிருக்காங்க."

"வண்டி வாகனம்?"

"ஸ்கூட்டர் இருந்தது."

"இருந்ததுங்களா?"

"மலை ஏறுறப்போ நின்னுபோச்சு. மெக்கானிக்கிட்டக் குடுத்தேன். அப்புறம் போனா மெக்கானிக் கடையே இல்ல."

"அட சாமி!" என்றார் அம்மா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். இப்போது அவரே கேட்டார்: "என்னமோ ஆராய்ச்சின்னு சொன்னாங்களே, அது முடிஞ்சுதுங்களா?"

"முடியலீங்க. வழிகாட்டிப் பேராசிரியர் ஓய்வு பெற்றுட்டார். அடுத்து வந்தவர் மொதல்லருந்து எண்ணச் சொல்லிட்டார்."

"தலமுடி?"

"ஆமை எண்ண ஆரம்பிச்சப்போ இருந்ததுங்க."

"ஊட்டுல சம்சாரம்?"

"இருக்காங்க."

"நல்லாப் பேசுவாங்களா?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "ஆன்டெனா திருப்பறப்போ பேசுவாங்க" என்றேன்.

"போதுங்க சார், போதுங்க!" அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேக்கறக்கே நெஞ்சு அடைக்குது. பொன்னுசாமியண்ணா, சாருக்கு இன்னொரு கரண்டி கேசரி வைங்க."

எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன். மல்லிகாவுக்காக இரண்டொரு பொய் சொல்லவும் தயாராக இருந்தேன். ஒரு இடத்தில்கூடத் தேவைப்படவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

பெருமாள் அதே வலது கையால் மீசையைத் தடவினார்.

"பாத்தியா தங்கச்சி? ஆமையோட கெடுதல் ஒரு சொட்டு விடாம அத்தனையும் சாரே வாங்கிக்கிட்டாரு. இந்த ஊட்டுக்கு வைக்க மிச்சமே இல்ல. எங்கைக்கும் வரல. இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

"வேண்டாங்கண்ணா. பாத்தாலே தெரியுது."

தட்டைக் கழுவினார்கள். நிஜத் தேங்காய் வந்தது. பூ வைத்தார்கள். பொன்னுசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், உங்க புண்ணியங்க" என்றார். புண்ணியம் என்ற சொல்லை அந்த இடத்தில் நான் எதிர்பார்க்கவில்லை.

கடைசியில் பிளேடும் கிடைத்தது. மல்லிகாதான் கொண்டுவந்தாள். களத்தின் ஓரத்தில் நான் குந்தி ஆமையைப் பிடித்துக்கொண்டேன். என் கண்ணாடியில் கேசரி நெய் பட்டு எதுவும் தெரியவில்லை. செல்வராஜ், "நான் அறுக்கட்டுங்களா சார்?" என்றான்.

வாசலிலிருந்து அவன் அம்மா கத்தினார்: "டேய், ஆமைய சாரே புடிச்சுக்கட்டும்! நீ பிளேட மட்டும் புடி! மேல கை பட்றப் போவுது!"

அவன் நல்ல பொறுமைசாலி. சதையில் படாமல் நரம்பைத் தூக்கித் தூக்கி அறுத்தான். தூக்குவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. மல்லிகா தன் கொண்டை ஊசியைக் கழற்றி நரம்புக்குள் விட்டுத் தூக்கிப் பிடித்தாள்.

"கொஞ்சம் மேல" என்றான் அவன்.

"இப்பிடிங்களா?" என்றாள் அவள்.

"ஆங். அப்பிடியே இருங்க."

அவர்களுடைய முதல் பேச்சு அதுதான். இடையில் நானும் ஆமையும் இருந்தோம். இருவரும் எங்களைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆமை மறுபடி ஒருமுறை நாற்றம் விட்டது. அதையும் கவனிக்கவில்லை.

நரம்பு விட்டது. ஆமையை ஓடைக்குக் கொண்டுபோய் விட்டேன். காலை ஒருமுறை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டது. பிறகு நான்கு காலும் போட்டுப் பாறைக்கு அடியில் போய்விட்டது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்ற மகிழ்ச்சியில் பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்த பஸ் பிடித்து வீடு வந்தபோது டி.வி.யில் பாதிப் படம் போயிருந்தது. திரை முழுக்கப் புள்ளிப் புள்ளியாக மழை. மனைவி மாடிப்படியைக் கையால் காட்டினாள். ஏறிப்போய்த் திருப்பினேன். நடந்ததையும் அவளிடம் சொல்லவில்லை. என் வாழ்க்கையை அப்படி ஒரு பட்டியலாக அவள் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன்.

பங்குனியில் பொன்னுசாமி கல்யாணப் பத்திரிகை எடுத்துக்கொண்டு சேலத்துக்கே வந்துவிட்டார். மனைவிதான் கதவைத் திறந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

"வாங்க, உள்ள வாங்க" என்றாள்.

"இல்லீங்கம்மா, இப்பிடியே நிக்கறனுங்க." நிலைப்படிக்கு ஒரு அடி தள்ளியே நின்றார். அங்கிருந்தபடியே கையை முடிந்த மட்டும் நீட்டி, மஞ்சள் தடவிய பத்திரிகையைக் கொடுத்தார். "வைகாசி மொத முகூர்த்தங்க. சாரும் நீங்களும் அவசியம் வந்தரோணும்."

"அட, ஒரு வாய் காப்பி சாப்பிட்டுப் போங்க."

"மன்னிச்சுக்குங்கம்மா. நல்ல காரியம் நடக்கற நேரம். ஊட்டுக்குள்ளார ஆமை கீமை இருக்குமுங்க" என்றார் மிகவும் பணிவாக. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

மனைவி பத்திரிகையைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குமேல் மறைக்க முடியாது. பிளேடு, பை, தேங்காய், பெருமாள் கேட்டது, நான் சொன்னது என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். எங்கேயும் சிரிக்காமல் கேட்டாள். முடிந்ததும் பத்திரிகையை நாள்காட்டி ஆணியில் மாட்டினாள்.

"இந்த வீட்டுக்கு நீங்க போதாதா? ஆமை வேற எதுக்கு?"